பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் முதல் நாள்: என்ன எடுத்துப் போவது, என்ன கேட்பது?



மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தப்போக்கு, ஆறாத வாய்ப்புண் என்று ஏதோ ஒன்றுக்காகச் சோதனைக்குப் போகிறோம். "புற்றுநோய்தாம்மா. கொஞ்சம் முத்திடுச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டு கைக்கு வந்த நாளுக்கும், புற்றுநோய் மருத்துவரை முதன்முதலாகப் பார்க்கும் நாளுக்கும் நடுவில் சில நாட்கள் இருக்கும். அந்த நாட்களில் வீட்டில் என்ன நடக்கிறது? அழுகை. ஆளுக்கொரு யோசனை. "அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்று ரகசியப் பேச்சு. நகையை அடகு வைப்பதா, நிலத்தை விற்பதா என்று கணக்கு. டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை.

வெளிநோயாளிப் பிரிவில் கூட்டம் அதிகம். நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களில் கேட்டதை வைத்துத்தான் ஒரு குடும்பம் பல மாதங்களுக்கான முடிவை எடுக்கிறது. குழுக்கூட்டத்துக்கு நோட்டு இல்லாமல் நாம் போவதில்லை. இதற்கும் அப்படித்தான் தயாராக வேண்டும். இந்த இதழில் அதைப் பற்றிப் பேசுவோம்.

'முற்றிய நோய்' என்றால் என்ன?

நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை டாக்டர்கள் 1 முதல் 4 வரை நிலைகளாகப் பிரிக்கிறார்கள். இதைத்தான் 'ஸ்டேஜ்' என்கிறோம். பொதுவாக, தோன்றிய இடத்திலேயே சிறியதாக இருந்தால் 1. நுரையீரல், கல்லீரல், எலும்பு போன்ற வேறு இடங்களுக்குப் போய்விட்டால் 4. நடுவில் இருப்பவை 2, 3.

இதில் நம் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. 'முற்றியது' என்பதும் 'குணமாகாது' என்பதும் ஒன்றல்ல. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 3ஆம் நிலையில் இருந்தாலும், கதிர்வீச்சும் கூடவே கீமோ மருந்தும் கொடுத்து முழுமையாகக் குணமாக்கும் நோக்கத்தோடுதான் பெரும்பாலும் சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டால் அதை அடியோடு போக்குவது கடினம். ஆனால் சில வகைகளில் மாத்திரை மூலமாகவே வருடக்கணக்கில் கட்டுக்குள் வைத்திருக்க முடிகிறது. வேறு சிலருக்கு நோய் வேகமாகப் போகும். அவர்களுக்கு வலியில்லாமல், மூச்சுத் திணறல் இல்லாமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலையாக இருக்கும்.

ஆகவே 'ஸ்டேஜ் நாலு' என்று கேட்டவுடன் பக்கத்து வீட்டில் நடந்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள். உங்கள் நோய் எந்த உறுப்பில், எந்த வகை, எங்கெல்லாம் போயிருக்கிறது என்பதை வைத்துத்தான் பேச வேண்டும்.

முதலில் வீட்டில் பேசுங்கள்

"அம்மாகிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க" என்று மகன் முன்னாலேயே உள்ளே போய்ச் சொல்லிவிடுவது நம் ஊரில் வழக்கம். பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் முடி கொட்டப்போவது யாருக்கு? ஐந்து வாரம் தினமும் கதிர்வீச்சுக்குப் போகப்போவது யார்? எதற்கு என்று தெரியாமல் ஒருவர் எப்படி அதைத் தாங்குவார்? பாதிப் பேர் அரைகுறையாக ஊகித்துக்கொண்டு, கேட்கவும் முடியாமல் தனியாகக் கிடந்து தவிக்கிறார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் போட்டு உடைக்கவும் வேண்டாம். அவரிடமே கேளுங்கள்: "டாக்டர் சொல்றதை நீங்களே கேட்டுக்கிறீங்களா, இல்ல வீட்டுல யார்கிட்டயாவது சொன்னா போதுமா?" "நானே கேட்டுக்கிறேன்" என்றால் அவரை உள்ளே அழைத்துப் போங்கள். "என் மகள்கிட்ட சொல்லட்டும், எனக்கு வேண்டாம்" என்றால் அதுவும் அவர் எடுத்த முடிவுதான். இரண்டையும் மதிப்போம். முடிவு அவருடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

ஒரு துணிப்பை, ஒரு பிளாஸ்டிக் ஃபைல், ஒரு 40 பக்க நோட்டு போதும்.

1. சதைச் சோதனை ரிப்போர்ட். இதை 'பயாப்சி' என்பார்கள். எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். நோயின் வகை இதில்தான் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் என்றால் ஹார்மோன் சோதனை செய்தார்களா என்றும் கேட்டு, அந்த ரிப்போர்ட்டையும் வாங்குங்கள்.

2. சதையை வைத்துப் பதப்படுத்திய மெழுகுக் கட்டி, கண்ணாடி ஸ்லைடு. சோதனை செய்த லேபில் இவை இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் மறுபடி பார்க்க விரும்புவார்கள். கையில் இருந்தால் இரண்டாவது தடவை சதை எடுக்கும் வேதனை மிச்சமாகலாம். கேட்டு வாங்குங்கள். வெயில் படாமல் பெட்டியில் வைத்துக் கொண்டு போங்கள்.

3. ஸ்கேன் படங்கள், சி.டி., ரிப்போர்ட். ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு படத்தைப் பரணில் விட்டுவிடுகிறார்கள். டாக்டருக்குப் படமும் வேண்டும். மடிக்காதீர்கள்.

4. ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், ஏற்கெனவே ஆபரேஷன் நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக் கொடுத்த சீட்டு.

5. இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் அட்டையோடு. சர்க்கரை, பிரஷர், தைராய்டு எதுவானாலும். நாட்டு மருந்து, சித்த மருந்து, லேகியம் சாப்பிட்டால் அதையும் கொண்டு போங்கள். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள். சில மருந்துகள் கீமோவோடு சேர்ந்தால் கல்லீரலையோ சிறுநீரகத்தையோ கெடுக்கும். டாக்டருக்குத் தெரிந்தால்தான் காப்பாற்ற முடியும்.

6. காப்பீட்டுத் திட்ட அட்டை, ரேஷன் கார்டு, ஆதார். ஒவ்வொன்றிலும் இரண்டு ஜெராக்ஸ்.

7. சாப்பாடு, தண்ணீர், ஒரு மாற்றுச் சேலை, நாப்கின். முதல் நாள் காலையில் போனால் சாயங்காலம் வரை ஆகலாம்.

அசல் ரிப்போர்ட்டுகளை யாரிடம் கொடுத்தாலும் ஒரு ஜெராக்ஸ் உங்கள் கையில் இருக்கட்டும்.

கூட யார் போவது?

நான்கைந்து பேர் வண்டி பிடித்துப் போவதைவிட, காது கொடுத்துக் கேட்டு எழுதக்கூடிய ஒருவர் போதும். நோயாளிக்குப் பயத்தில் பாதி காதில் விழாது. அது இயல்புதான். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் இல்லையென்றால் குழுவின் ஊக்குநரோ பிரதிநிதியோ கூடப் போகலாம். தீர்மான நோட்டில் எழுதுவது போல, டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். டாக்டரிடம் அனுமதி கேட்டுச் செல்போனில் பதிவு செய்துகொள்ளவும் செய்யலாம்.

பெண்கள் சொல்லத் தயங்கும் விஷயங்கள் உண்டு. வெள்ளைப்படுதல், நாற்றம், சிறுநீர் கசிவது, கணவரோடு சேரும்போது ரத்தம் வருவது. மகன் பக்கத்தில் நிற்கும்போது இதையெல்லாம் யார் சொல்வார்கள்? "கொஞ்சம் தனியா பேசணும்" என்று கேட்கலாம். பெண் நர்ஸ் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை.

டாக்டர் நம்மிடம் கேட்பது

எப்போது தொடங்கியது, எடை எவ்வளவு குறைந்தது, பசி எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்பார்கள். இதை முதல் நாளே நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வி சாதாரணமாகத் தெரியும்: "வீட்டு வேலை எல்லாம் செய்யறீங்களா?" நம் பெண்கள் உடனே "எல்லாம் செய்யறேன் சார், ஒண்ணுமில்ல" என்பார்கள். உண்மையில் பகலில் பாதி நேரம் படுத்தே இருப்பார்கள். சிகிச்சையை உடம்பு தாங்குமா, எந்த அளவு மருந்து கொடுக்கலாம் என்று முடிவு செய்ய டாக்டர் பார்ப்பது இந்தப் பதிலைத்தான். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். தண்ணீர்க் குடம் தூக்க முடிகிறதா, தானே குளிக்க முடிகிறதா, எத்தனை மணி நேரம் படுத்திருக்கிறீர்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

வலிக்கும் அப்படித்தான். "0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாத வலி. உங்களுக்கு எத்தனை?" என்று கேட்பார்கள். பொறுத்துக்கொள்வது பெண்ணுக்கு அழகு என்று நினைத்து 7ஐ 3 என்று சொல்லாதீர்கள். 3க்குக் கொடுக்கும் மாத்திரை 7க்குக் கேட்காது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

இவற்றை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி இடம் விடுங்கள். நேரம் குறைவு என்றால் முதல் மூன்றை மட்டுமாவது கேளுங்கள்.

ஒன்று: நோய் எங்கே தொடங்கியது, இப்போது எங்கெல்லாம் இருக்கிறது? இன்னும் என்ன சோதனை பாக்கி?

இரண்டு: இந்த சிகிச்சையின் நோக்கம் என்ன? முழுசாகக் குணமாக்கவா? கட்டுப்படுத்தி நாளைக் கூட்டவா? வலியைக் குறைக்கவா?

மூன்று: சிகிச்சை எடுத்தால் என்ன ஆகும், எடுக்காவிட்டால் என்ன ஆகும்?

நான்கு: எத்தனை வாரம்? தினமும் வர வேண்டுமா, தங்க வேண்டுமா? எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இதே சிகிச்சை கிடைக்குமா?

ஐந்து: பக்கவிளைவு என்ன? எது வந்தால் உடனே வர வேண்டும்? ராத்திரியில் யாருக்குப் போன் செய்வது?

ஆறு: காப்பீட்டில் எவ்வளவு வரும், கையிலிருந்து எவ்வளவு ஆகும்?

ஏழு: வலிக்கு இன்றைக்கே என்ன செய்யலாம்?

இந்த ஏழில் இரண்டாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதும் அதுதான். குணமாக்கும் சிகிச்சை என்றால் கஷ்டப்பட்டாவது நடுவில் விடாமல் முடிக்க வேண்டும். கதிர்வீச்சை இரண்டு வாரத்தில், "கொஞ்சம் தேவலை" என்று நிறுத்திவிட்டால் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். நாளைக் கூட்டும் சிகிச்சை என்றால் எத்தனை நாள், அந்த நாட்கள் எப்படி இருக்கும் என்று யோசித்து முடிவு செய்யலாம். நோக்கம் தெரியாமல் எடுக்கும் முடிவு இருட்டில் எடுக்கும் முடிவுதான்.

"எவ்வளவு நாள் இருப்பாங்க?" என்று கேட்டால் எந்த டாக்டராலும் தேதி சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள விரும்பினால் இப்படிக் கேளுங்கள்: "வருஷக் கணக்கா, மாசக் கணக்கா, வாரக் கணக்கா?" மகள் கல்யாணம், பட்டா மாற்றம், சேமிப்புக் கணக்கில் வாரிசு பெயர், பிள்ளையின் படிப்பு என்று எதை முன்னால் செய்வது என்று அந்தப் பெண் தானே தீர்மானிக்க இது உதவும். கேட்க மனமில்லையா? கேட்க வேண்டாம். கட்டாயமில்லை.

அன்றைக்கே சிகிச்சை தொடங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு மூன்றுக்கும் தனித்தனி டாக்டர்கள் இருக்கிறார்கள். பல இடங்களில் அவர்கள் கூடிப் பேசித்தான் எது முதலில் என்று முடிவு செய்கிறார்கள். கதிர்வீச்சை நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். அது மின்சாரம் அல்ல. எக்ஸ்ரே போல, ஆனால் அதைவிடச் சக்தி வாய்ந்த கதிர். வைக்கும்போது ஷாக் அடிக்காது, சுடாது. போகப்போகத் தோல் கறுக்கலாம், வயிற்றுப்போக்கு, சோர்வு வரலாம்.

கடன் வாங்கும் முன்

நோக்கம் தெரிவதற்கு முன் வட்டிக்கு வாங்காதீர்கள், நிலத்துக்கு முன்பணம் வாங்காதீர்கள். முதலில் இவற்றைப் பாருங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு இடம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். விசாரிக்க 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. சிகிச்சைக்கு முன்பே ஆஸ்பத்திரி மூலமாக அனுமதி வாங்க வேண்டும். பணம் கட்டிவிட்டுப் பிறகு அட்டையைக் காட்டினால் பலன் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் முதல் நாளே அட்டை பையில் இருக்க வேண்டும் என்கிறோம்.

மதுரை பாலரெங்காபுரம் அரசு மண்டலப் புற்றுநோய் மையம், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை ஆகியவை அரசு நடத்துபவை. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய தொண்டு நிறுவனம். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104க்குப் போன் செய்து கேளுங்கள்.

ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் இல்லை. கூடப் போகும் ஒருவருக்கு அதே வகுப்பில் 75 சதவீதம் சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் டாக்டரின் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வலியோடு வாழ வேண்டியதில்லை

வலி நிவாரண ஆதரவு சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. "இனிமே ஒண்ணும் செய்ய முடியாது"ன்னு கைவிட்டவர்களுக்குத்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கீமோ, கதிர்வீச்சு நடக்கும்போதே சேர்த்து எடுக்கலாம். அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய் பரவிய நிலையில் இருந்தவர்களிடம் நடந்து 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தொடக்கத்திலிருந்தே இந்த ஆதரவையும் பெற்றவர்கள் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள், கூடுதல் நாளும் வாழ்ந்தார்கள்.

கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் செய்த திருத்தம், ஆஸ்பத்திரிகள் இதை வாங்கி வைப்பதை எளிதாக்கியது. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் சாப்பிட்டால் அடிமையாகிவிடுவோமோ என்று பயப்பட வேண்டியதில்லை. மலச்சிக்கல் வரும். அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே ஆதரவு தருவது 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

தேதி வரை காத்திருக்காதீர்கள்

டாக்டரைப் பார்க்கப் பத்து நாள் இருந்தாலும், கீழே உள்ளவை வந்தால் அன்றே 108க்குப் போன் செய்யுங்கள்.

நிற்காத ரத்தப்போக்கு. சிறுநீர் அறவே வராதது. மூச்சுத் திணறல். வலிப்பு, நினைவு தப்புவது. முதுகுவலியோடு திடீரென்று கால் மரத்துப்போய் நடக்க முடியாமல் போவது. இந்தக் கடைசி அறிகுறியை வாதம் என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக் காலம் கடத்தக் கூடாது. தண்டுவடம் அழுத்தப்பட்டிருக்கலாம். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அந்த அளவுக்குக் காலைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது.

குழு என்ன செய்யலாம்?

புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. தட்டு, டம்ளர் தனியாக வைக்கத் தேவையில்லை. கூட்டத்தில் அவருடைய இடம் அவருக்கே இருக்கட்டும்.

அவர் பெயரில் உள்ள கடனுக்கு எத்தனை மாதம் அவகாசம் என்று பேசித் தீர்மானம் போடுங்கள். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் நலிவு நிலை குறைப்பு நிதி இருந்தால் அவருக்காக விண்ணப்பம் எழுதுங்கள். சிகிச்சைக்குப் போகும் நாட்களில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு யார், மாட்டைப் பார்ப்பது யார், கூடப் போவது யார் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் வந்து பழைய கதைகளைச் சொல்லிப் பயமுறுத்தும்போது, "அக்காவுக்கு ரெஸ்ட் வேணும், அப்புறம் வாங்க" என்று சொல்லி அனுப்பவும் ஓர் ஆள் வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் இந்தக் கட்டுரையை ஒருவர் படிக்க மற்றவர்கள் கேளுங்கள். ஏழு கேள்விகளையும் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். நம்மில் யாருக்கும் அந்தப் பக்கம் தேவைப்படாமல் போனால் சந்தோஷம். தேவைப்பட்டால், அந்தப் பெண் வெறுங்கையோடு டாக்டர் முன்னால் போய் உட்கார வேண்டியிருக்காது.